மகளுக்குக் கொடுக்கும் வீட்டில் பழைய யன்னலும் இருக்கட்டும்

கொள்கைப் பிரகடனம்

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, கொஞ்சம் உள்ளே தள்ளிச் சம்மாந்துறை. அம்பாறை மாவட்டக் கரையின் இந்த ஊர்களில் பழைய வீடுகளின் மர யன்னல்களைப் பெயர்த்து எறியும் பழக்கத்தை நிறுத்துவதற்காக நாங்கள் கூடியிருக்கிறோம். பழுதுபார்க்கக்கூடிய எந்த மர யன்னலும் கழற்றப்படக் கூடாது. இதுதான் எங்கள் கொள்கை. கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவது.

எங்களில் மரவேலை செய்யும் ஓடாவிமார் இருக்கிறார்கள், மேசன்மார் இருக்கிறார்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் இருக்கிறார்கள், சொந்த வீட்டு யன்னலுக்காக வாதாடி வென்ற பெண்களும் இருக்கிறார்கள். கூட்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கொஞ்சம் வேலை நடக்கட்டும், ஊரே ஒரு பெயர் வைக்கும்.

எந்த யன்னலைச் சொல்கிறோம் என்பதில் மயக்கம் வேண்டாம். முதிரை நிலை, அல்லது தேக்கு. சில வீடுகளில் பாலை, சவண்டலை. நிலைக்குள் நிமிர்ந்து நிற்கும் இரும்புக் கம்பிகள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவுகள். அதற்கும் மேலே காற்றுப் போவதற்காக விட்ட சின்னச் சட்டகம். வசதியாகக் கட்டிய வீடுகளில் அதில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி.

நாலு கதவு வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. கீழ்க் கதவு இரண்டையும் சாத்தி மேல் கதவு இரண்டையும் திறந்தால் அறைக்கு வெளிச்சமும் காற்றும் வரும், வீதியால் போகிறவர் கண்ணில் உள்ளே இருக்கும் பெண்கள் படமாட்டார்கள். பின்னேரத்தில் நாலையும் திறந்துவிட்டால் நிலையின் அகலம் முழுவதும் காற்றுக்கு வழி. அதன் இடத்தில் இன்று வரும் இழுத்துத் திறக்கும் அலுமினிய யன்னலில் ஒரு கண்ணாடி மற்றக் கண்ணாடியின் பின்னால் போய் நிற்கிறது. எவ்வளவு இழுத்தாலும் பாதிதான் திறக்கும். கண்ணாடி வெயிலை உள்ளே விடுகிறது. ஆட்கள் தெரிவார்கள் என்று திரை போடுகிறோம். திரை காற்றை மறிக்கிறது. பிறகு பகலிலும் மின்விசிறி, வசதியிருந்தால் ஏசி. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னும் 66 வீதம். அந்த மாதங்களில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த குடும்பங்களுக்கு நாங்கள் புதிதாக எதையும் விளக்க வேண்டியதில்லை.

அந்த யன்னலின் மரம் இனிக் கிடைக்காது. இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை அரசாங்கம் 1990இல் தடை செய்தது. நல்ல தடை, நாங்கள் அதன் பக்கம். முதிரை ஆறுதலாக வளரும் மரம்; ஒரு கன மீற்றர் ஏறக்குறைய ஒரு தொன் எடை வரும். நம் நிலைகளில் நிற்பது, 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி மேற்கே காடு குறைய ஆரம்பித்தபோதே வைரமேறி முதிர்ந்திருந்த மரம். இன்று மரக்காலைக்குப் போனால் தோட்டத்தில் வளர்த்த இளந்தேக்கு இருக்கும், மகோகனி இருக்கும், கப்பலில் வந்த மென்மரம் இருக்கும். அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் கையில் இருக்கும் முதிரையைக் கோழிக்கூட்டுக்குக் கொடுத்துவிட்டு, வைரமில்லாத இளமரத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கறையானுக்கு வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

யன்னல் எப்போது கழற்றப்படுகிறது? பெரும்பாலும் மகளுக்குக் கலியாணம் பேசும்போது.

நம் கரையில் வீடு பெண் பிள்ளைக்கு உரியது. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். உம்மும்மாவிடமிருந்து உம்மாவுக்கு, உம்மாவிடமிருந்து மகளுக்கு என்று வீடு தாய்வழியாகவே கை மாறி வருகிறது. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளிக்கு முன்னால் கட்டிய வீடு ஒன்று இன்றும் நிற்கிறதென்றால், அதன் யன்னல்கள் அந்த இரவைத் தாங்கியவை. யுத்த காலத்தில் குறுக்குச் சட்டம் போட்டு விளக்கை அணைத்துவிட்டு விழித்திருந்த இரவுகளையும் தாங்கியவை. அந்த வீட்டில்தான், பெரும்போக வெள்ளாமைக் காசு கைக்கு வந்ததும், அல்லது கட்டாரிலிருந்து மகன் அனுப்பியதும், முன்பக்கத்தை இடிக்கிறோம். அலவாங்கை நிலைக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்து நெம்பினால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கதவு கோழிக்கூட்டுக்குப் போகும், உடைந்த சட்டம் குசினி அடுப்புக்குப் போகும், நல்லதாகத் தெரிவதைப் பழம்பொருள் வியாபாரி லொறியில் ஏற்றுவார்.

பெண் வீட்டாரிடம் வீடு கேட்பதே சரியா என்பது இதைவிடப் பெரிய கேள்வி. எங்களில் பலர் அது சரியில்லை என்றே நினைக்கிறோம். அதை இந்தப் பிரகடனத்தால் தீர்க்க முடியாது. ஆனால் வீடு கொடுக்கத்தான் போகிறார்கள் என்றால், அதைப் புதிதாகக் காட்டுவதற்காகக் கடன்பட்டு யன்னலை மாற்றும் நிர்ப்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் வைக்கக் கூடாது. வீடு பார்க்கப் போகும் மாமிமாரும் ராத்தாமாரும் நல்ல முதிரை யன்னலைக் கண்டால் அதைச் சத்தமாகப் பாராட்டிவிட்டு வர வேண்டும். ஓடாவியின் உளியைவிட அந்த ஒரு சொல் அதிக யன்னல்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறோம்.

நாம் எறிவதன் பெறுமதி வெளியில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாட்டின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் இருந்த தன் வீட்டுக்குப் பழைய கதவுகளையும் செட்டிநாட்டுத் தூண்களையும் தேடித் தேடி வாங்கி வைத்தவர். தமிழ்நாட்டில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால், பிரித்து விற்ற செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளும் கதவுகளும் கடை கடையாய் அடுக்கி நிற்பதைப் பார்க்கலாம். ஒரு வீட்டின் யன்னல் கண்காணாத ஹோட்டலின் சுவரில் அலங்காரமாகத் தொங்குவதைப் பாதுகாப்பு என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். யன்னல் அதன் நிலையில் நிற்க வேண்டும், காலையில் திறக்கப்பட வேண்டும், மஃரிபுக்கு முன் சாத்தப்பட வேண்டும்.

2004 டிசம்பர் 26இன் சுனாமியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் வீட்டைப் பற்றி எதுவும் எழுத முடியாது. அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அன்று மரணித்தார்கள்; நாட்டிலேயே அதிக உயிர்களைக் கொடுத்த மாவட்டம் இதுதான். அந்த இழப்புக்குப் பக்கத்தில் மரத்தையும் சட்டத்தையும் வைத்துப் பேசமாட்டோம். அதற்குப் பிறகு கட்டியதைப் பற்றி மட்டும் சொல்கிறோம். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று விதி வந்தது, பிறகு தளர்ந்தது. வீடுகள் அவசரமாக எழும்பின. கூடாரத்தில் பிள்ளைகளோடு கிடந்தவர்களுக்கு அவசரம்தான் நியாயம். அந்த அவசரத்தில் கொங்கிரீட் நிலைகள் வந்தன. உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி துருவேறி ஊதினால் வெடிக்கும் நிலைகள் அவை. கடலில் பைபர் வள்ளங்கள் பெருகின, மரத் தோணிகள் குறைந்தன. வீட்டிலும் வேலை இல்லை, கரையிலும் வேலை இல்லை என்றானபோது ஓடாவிமாரின் பிள்ளைகள் அலுமினியம் பூட்டப் பழகினார்கள், அல்லது விமானம் ஏறினார்கள். யன்னலுக்கு முன்னால் நாம் இழந்துகொண்டிருப்பது இந்தக் கைகளை. ஓடாவிமாரிடம் உளியும் சீவுளியும் இன்னும் இருக்கும்போதே இந்த இயக்கம் தொடங்குகிறது.

சட்டம் நம்மைக் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்வோம். தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே பழஞ்சின்னமாகக் கொள்கிறது. நூறு வருடம் கடந்த கட்டடத்தைத் தனியாகப் பிரகடனம் செய்ய இடமுண்டு. ஐம்பது, அறுபது, எழுபது வயதான நம் உம்மாமாரின் வீடுகள் இரண்டிலும் அடங்கா. யாரும் வந்து பலகை நாட்டப் போவதில்லை.

இனி வேலையைப் பற்றி. ‘உக்கிப் போச்சு’ என்ற ஒரு சொல்லில்தான் பெரும்பாலான யன்னல்களின் கதை முடிகிறது. அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

கிழக்குப் பார்த்த ஒரு யன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து அடிக்கும் பக்கம் அது, கடல் உப்பு படியும் பக்கமும் அதுவே. பெயின்ட் பொரிந்திருக்கும், கீழ்க் கதவு இழுபடும். சின்ன உளி ஒன்றால் குத்திப் பாருங்கள். மேல் சட்டத்தில் முனை இறங்காது. நெடுஞ்சட்டத்தின் நடுவிலும் இறங்காது. கீழே, நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் கழுந்து பூட்டிய மூலையில் மட்டும் அரை அங்குலம் இறங்கும். அங்கிருந்து மேலே மூன்று நாலு அங்குலம் போனால் மறுபடியும் நல்ல மரம். நூல் பிடித்து அளந்து பார்த்தால், முழு யன்னலையும் குற்றவாளியாக்கிய உக்கல் ஒரு சாண் மரத்துக்குள் அடங்கிவிடும்.

ஏன் எப்போதும் அந்த மூலை? கதவின் அடிவிளிம்புக்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. கதவை மாட்டிய பிறகு பூசுவதால் தூரிகை அங்கே எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. மரத்தின் நார் வெட்டுப்பட்ட முனை அங்கேதான் திறந்து கிடக்கிறது. தண்ணீர் அந்த வழியாக மேலே ஏறுகிறது. இன்னொரு காரணம் மேசன் வேலையில் இருக்கிறது. நிலையின் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பின்னால் சுவர் பூசுகிறவர்கள் சீமெந்தைக் கட்டையின் விளிம்புக்கு மேலே ஏற்றிவிட, ஓட வேண்டிய தண்ணீர் தேங்கி நிற்கிறது. எங்களோடு சேர்ந்த மேசன்மார் இதை முதலில் திருத்துவதாக உறுதி சொல்லியிருக்கிறார்கள்: ஏறிய சீமெந்தை வெட்டி எடுத்து, தண்ணீருக்கு வழி விடுவது.

உக்கிய பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டு சரிவாக இருக்க வேண்டும். மேலே நிற்கும் பழைய மரம் புதுத் துண்டின் வெளிமுகத்தை மூடிக்கொண்டு இறங்கினால் மழைத்தண்ணீர் பொருத்துக்குள் புகாது. பிறகு அதே மரத்தில், அதே நார் ஓட்டத்தில் ஒரு துண்டைச் சீவி, ஈரம் தாங்கும் பசையும் மர ஆணியும் வைத்துப் பூட்ட வேண்டும். முதிரைக்கு முதிரைதான் வைக்க வேண்டும். மென்மரத்தை வைத்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, பொருத்து வாய் பிளக்கும். ஓட்டையைச் சீமெந்தால் அடைப்பதும், வாகனத்துக்குப் பூசும் பட்டியால் அடைப்பதும் இந்த ஊர்களில் சாதாரணம். அந்த அடைப்பு ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். இரண்டாவது மாரியில் அதைச் சுற்றியுள்ள நல்ல மரமும் போய்விடும்.

இரும்புப் பிணைச்சலைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பாருங்கள். பாதி தேயாமல் இருந்தால் எண்ணெய் விட்டு மறுபடி பூட்டலாம். மாற்றத்தான் வேண்டுமென்றால் பித்தளையில் வாங்குங்கள், திருகாணியும் பித்தளையாகட்டும். துருவேறி ஊதும் ஒரு மலிவான ஆணி முதிரையைக்கூடப் பிளந்துவிடும். நிலை சுவரைத் தொடும் பக்கத்தில் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, தீ வைத்துக் கருக்கியும் எடுக்கக் கூடாது. நனைத்துச் சுரண்டி, கழிவைச் சேர்த்துக் கட்டி, பிள்ளைகளைத் தூர வைத்துத்தான் அந்த வேலை நடக்க வேண்டும். எங்கள் பேரில் வேலை செய்யும் எவரும் இதில் தளர்வு காட்டினால் அவர் எங்களில் ஒருவரல்லர்.

எங்கள் மூத்த ஓடாவிமார் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் விதி ஒன்று உண்டு. மாரியில் இறுகிய யன்னலைச் சீவாதே. கார்த்திகை மார்கழியில் மரம் ஈரம் குடித்து விரியும். கதவு நிலையில் கடிக்கும். வீட்டுக்காரர் பொறுக்காமல் ஓடாவியைக் கூப்பிட்டு இரண்டு நூல் சீவச் சொல்வார். அடுத்த மே மாதம் கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று தொடங்கியதும் அதே கதவு சுருங்கும், சீவிய இடைவெளியால் சூடும் மணலும் உள்ளே வரும், கதவு ஆடும், ஆடினால் கழுந்து தளரும். பிறகு அந்த யன்னல் உண்மையாகவே பழுதானதுதான். மாரியில் கடித்தால் விளிம்பில் மெழுகு தேய்த்துப் பொறுத்திருங்கள். கச்சான் காலத்தில் மரம் நன்றாகக் காய்ந்ததும், உண்மையான அளவு தெரிந்ததும், சீவ வேண்டியிருந்தால் சீவி, அடிவிளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்து மாட்டுங்கள். மேற்குப் பார்த்த யன்னலுக்கு இதில் இன்னும் அவசரம்; கச்சான் வெடிக்க வைப்பது அந்தப் பக்கத்துப் பலகையைத்தான்.

இப்படி ஒன்றுகூடியதில் நாங்கள் முதலாமவர் இல்லை. 1877இல் இலண்டனில் வில்லியம் மோரிஸும் அவருடைய நண்பர்களும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். சுரண்டிப் புதுக்கோலம் பூசுவதைவிட அன்றாடப் பராமரிப்பால் அழிவைத் தள்ளிவைப்பதே சரி என்று அன்று அவர்கள் வெளியிட்ட பிரகடனத்தின் மேல்தான் அந்தச் சங்கம் இன்றும் நிற்கிறது. அங்கே பழைய யன்னல் திறக்கும் விதம் வேறு. கண்ணாடிச் சட்டகம் மேலும் கீழுமாக வழுக்கும். அதன் பாரத்துக்குச் சமமான குண்டு ஒன்று நிலைக்குள் மறைவாகக் கயிற்றில் தொங்கும். நம் நாட்டுப் பழைய ரயில் பெட்டி யன்னலை மேலே தூக்கி இறக்கியவர்களுக்கு அது பாதி விளங்கும். கயிறு அறுந்தால் கயிற்றை மாற்றுகிறார்கள், அடிச்சட்டம் உக்கினால் அடிச்சட்டத்தை மாற்றுகிறார்கள். முந்நூறு வருடம் வரை அப்படி ஓடும் யன்னல்கள் இருக்கின்றன. நெருப்புக்குப் பயந்து 1709இல் இலண்டனில் சட்டம் போட்டு, மர நிலையைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து நாலு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னார்கள். மழைக்கும் அது நல்லது. நிலையைச் சுவரோடு சுவராக வெளிமுகத்தில் பதிக்கும் நம் புது வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாங்கள் செய்யப் போவது இது. ஊருக்கு ஒரு மரக் கொட்டில் வைப்போம். காப்பாற்ற முடியாமல் கழற்றிய யன்னல்களை அங்கே சேர்த்து, முதிரை, தேக்கு, பாலை என்று பிரித்து அடுக்கி, பழுதுபார்க்கும் வேலைக்கு மட்டும் அந்த மரத்தைக் கொடுப்போம். அதிலிருந்து ஒரு துண்டும் பழம்பொருள் கடைக்குப் போகாது. சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியிடமும் மற்றப் பயிற்சி நிலையங்களிடமும், மரவேலை படிக்கும் பிள்ளைகளைப் பழைய யன்னலில் பழகவிடுங்கள் என்று கேட்போம். கற்பிக்க எங்கள் மூத்த ஓடாவிமார் வருவார்கள், அவர்களுக்கு உரிய கூலி கொடுக்கப்பட வேண்டும். பழுதுபார்ப்பு தர்மத்துக்குச் செய்யும் வேலையாக இருந்தால் எந்த இளைஞனும் அதில் நிற்கமாட்டான்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளிடமும் குடி மரைக்காயர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். இடம் போதாமல் பழைய பள்ளியை இடித்துக் கட்டும் தேவை வருவதை நாங்கள் அறிவோம். இடிக்கும் ஒப்பந்தத்தோடு யன்னலையும் கதவையும் சேர்த்து ஏலம் விடாதீர்கள். வக்பு சொத்தின் மரம் அமானிதம். அதைப் புதுப் பள்ளியிலேயே, அல்லது அதன் மத்ரசாவிலே பூட்ட ஒரு வழி பாருங்கள். பழுதுபார்த்துத் தருவது எங்கள் பொறுப்பு. வீண்விரயத்தைப் பற்றிக் குத்பாவில் கேட்டுவிட்டு வெளியே வரும்போது, வாசலில் முதிரை நிலை வெயிலில் கிடக்கக் கூடாது.

பாண்டிருப்பிலும் காரைதீவிலும் இருப்பது இதே யன்னல், அடிப்பது இதே வாடை. அங்குள்ள தமிழ் ஓடாவிமாரும் வீட்டுக்காரரும் இந்தக் கூட்டில் எங்களோடு சமமாக இருப்பார்கள். ஒரு மதத்தின், ஒரு கட்சியின் மேடையாக இது மாறுவதை அனுமதிக்கமாட்டோம். தேர்தல் காலத்தில் எங்கள் கொட்டிலில் எவருடைய சுவரொட்டியும் ஒட்டப்படாது.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் கட்டிப்பிடிக்கவும் மாட்டோம். கறையான் முழுவதும் தின்ற நிலையை, பிள்ளைகள் மேல் விழக்கூடிய கதவை, கழற்றச் சொல்வோம். புது வீட்டில் அலுமினியம் போடுகிறவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. கழற்றும் முன் ஓர் ஓடாவியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவர் உளியால் குத்திப் பார்த்துச் சொல்லட்டும். இதை மட்டும் எல்லோரிடமும் கேட்கிறோம். பார்ப்பதற்குக் காசு வாங்கமாட்டோம்.

சேர விரும்புகிறவர் சந்தா கட்டத் தேவையில்லை, படிவம் நிரப்பத் தேவையில்லை. இந்தக் கச்சான் காலம் முடிவதற்குள் தன் வீட்டில் ஒரு யன்னல் கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றி, அடிவிளிம்பைத் துடைத்துக் காயவிட்டு, அங்கே இரண்டு தரம் பெயின்ட் அடித்து மறுபடி மாட்டிவிட்டு வரட்டும். அன்றிலிருந்து அவர் எங்கள் அங்கத்தவர்.